பயம் யாருடையது?

திருகோணமலையில் பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு காரியங்கள் ஒன்றாகத் தொடங்குகின்றன: மைதானத்தில் பயிற்சி, ஒழுங்கைகளில் ரியூசன். பிள்ளை ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சை நெருங்க நெருங்க ஸ்பைக் சப்பாத்து மூலைக்குப் போய்விடும், பெரும்பாலும் பிள்ளையைக் கேட்காமலே.

பெற்றோரைக் குறை சொல்வது சுலபம். ஆனால் இங்கே பயத்துக்குக் காரணம் உண்டு. 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை, இந்நகரக் கடற்கரையில் கூடியிருந்த மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கில் எதிரிகளாக நின்ற பாதுகாப்புத் தரப்பினர் 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அன்று பள்ளிக்கூடம் போன பலர் இன்று தாய் தகப்பன்மார். "பொழுதுபட முன்னம் வந்திடு" என்று அவர்கள் சொல்லும்போது குரலில் இருப்பது கண்டிப்பு மட்டுமில்லை.

வெயிலும் ஒரு பயம். 2024 மார்ச்சில் இதே கிழக்கு மாகாணத்துத் திருக்கோவிலில், பாடசாலை மரதன் ஓட்டத்தில் கலந்துகொண்ட 16 வயது மாணவன் உயிரிழந்தான். இல்ல விளையாட்டுப் போட்டிகள் வருவதே மழை ஓய்ந்து வெயில் ஏறும் காலத்தில்தான். மரதன் என்பது பேருக்கு. ஓடுவது ஊர்த்தெருவில் சில கிலோமீற்றர். என்றாலும் வருடம் முழுக்கக் கதிரையில் இருந்த பிள்ளைகளும், இல்லத்துக்குப் புள்ளி கிடைக்கும் என்ற உற்சாகத்தில், காலைச் சாப்பாடுகூட இல்லாமல் இறங்கிவிடுவதுண்டு. தெருவோரத்தில் குளுக்கோஸ் கரைத்த போத்தலோடு தாய் நிற்பாள். முந்து என்று கத்தப் பயம். நில் என்று சொல்லவும் மனம் வராது.

பயம் நியாயமானது என்பதால் அதிலிருந்து பிறக்கும் முடிவும் நியாயமாகிவிடாது. பயப்படுவது பெரியவர்கள், இழப்பது பிள்ளை. ஓட முன்னர் வைத்தியப் பரிசோதனை, வழியில் தண்ணீர், முதலுதவி தெரிந்த ஒருவர், இருட்டினால் வீடு சேர ஒரு வாகனம் எல்லாம் பாடசாலையிடம் கேட்டு வாங்கக்கூடியவை. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதிலுக்கு என்ன நிறம் அடிப்பதென்று நேரம் போகிறதே தவிர, இதைக் கேட்க ஆள் எழும்புவது அருமை. பிள்ளையை மறிப்பது மலிவான வழி. கடிதம் எழுத வேண்டாம், அதிபரோடு கொழுவ வேண்டாம்.

பெண்பிள்ளைகளிடம் இந்தக் கணக்கு இன்னும் கடுமை. 2009இலும் 2018இலும் ஆசிய வலைப்பந்தாட்டக் கிண்ணத்தை வென்ற இலங்கை அணிகளில் யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கம் இருந்தார். அவருடைய படத்தைப் பெருமையோடு பகிர்ந்த வீடுகளிலேயே, பெரியபிள்ளையான மகளிடம் "இனியும் காற்சட்டையோட ஓட வேணுமோ" என்ற கேள்வி வரும். ஊர் வாய்க்குப் பயப்படுவது தகப்பன். வீட்டில் இருப்பது மகள்.

விளையாட்டுக்காக வாதாடுகிறவர்களும் இங்கேதான் சறுக்குகிறார்கள். 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்தலில் தங்கம் வென்று, பின்னர் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டமும் பெற்ற நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தைச் சாட்சிக்கு அழைப்பார்கள். நல்ல சாட்சிதான். ஆனால் பதக்கம் வந்தால்தான் விளையாட அனுமதி என்ற கட்சியையே அந்தச் சாட்சியும் பலப்படுத்துகிறது. வலய மட்டத்தில் நாலாவதாக வந்து, மாகாணத்துக்குத் தெரிவாகாமல் திரும்பும் பையனுக்கு அதில் இடமில்லை. காய்ச்சலோடு மகனை ஓட விட்டுக் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டும் தகப்பனுக்கோ தாராளமாக இடம் உண்டு. மறிக்கிறவரும் உந்துகிறவரும் தங்கள் மனதின் செலவைப் பிள்ளையின் உடம்பில் எழுதுகிறவர்கள்தான்.

விடியப்புறம் கடலுக்குப் போய்வரும் தகப்பனிடம் இதைச் சொன்னால், படிப்பைவிட்டால் என் பிள்ளைக்கு வேறென்ன இருக்கு என்று கேட்பார். அந்தக் கேள்வியைத் தட்ட முடியாது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று ஒதுக்கிய 5 வீதப் பல்கலைக்கழக அனுமதியில் திருகோணமலைக்கும் பங்குண்டு. அதற்கும் இசற் புள்ளி வேண்டும். ஆகவே உயர்தரத்துக்கு முந்திய சில மாதங்கள் பயிற்சியைக் குறைப்போமா என்று பிள்ளையோடு இருந்து பேசுவதில் பிழையில்லை. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்காகப் பத்து வயதில் மைதானத்தை மூடுவது வேறு. எந்தப் பரீட்சையோடு அது திறக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. அடுத்தது சாதாரண தரம், அதற்கடுத்தது உயர்தரம்.