யார் பொறுப்பு? எவ்வளவு பணம்? எந்தத் தேதி?

2019 கோடையில் தமிழகம் தண்ணீருக்குத் தவித்தபோது, மழை வேண்டி யாகம் நடத்தச் சொல்லிக் கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது அறநிலையத் துறை. பகுத்தறிவு பேசும் நாம் கண்டித்தோம். சரிதான். 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில், 2070-க்குள் நிகர பூஜ்ய உமிழ்வு என்று இந்தியா அறிவித்தபோது மட்டும் ஏன் கைதட்டியதோடு நிறுத்திக்கொண்டோம்? அன்று அறிவித்தவர்களில் எத்தனை பேர் 2070-இல் பதில் சொல்ல இருப்பார்கள்?

நடந்ததை மறுக்க வேண்டாம். மின் நிறுவுதிறனில் பாதியை 2030-க்குள் புதைபடிவ எரிபொருள் அல்லாததாக ஆக்குவோம் என்றார்கள், 2025-லேயே எட்டிவிட்டார்கள். காரணம், அதற்கு ஒப்பந்தப்புள்ளி இருந்தது, முதலீடு இருந்தது. ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னமும் நிலக்கரியில்தான். காய்ந்த நிலத்தில் நிற்கும் விவசாயிக்கோ அந்தக் கணக்கில் இடமே இல்லை.

தருமபுரி மாவட்டத்து இண்டூரிலிருந்து யோசியுங்கள். மழை பொய்த்தால் ஆழ்துளைக் கிணறு இன்னும் ஆழமாக இறங்குகிறது. கடனும் கூடவே ஏறுகிறது. இந்த மாவட்டத்துப் பாறைகளிலிருந்து ஃப்ளூரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அது முன்வினையா, தலையெழுத்தா? இரண்டும் இல்லை. தெரிந்தும் காலம் கடத்தியவர்களின் குற்றம்.

அந்த ஃப்ளூரைடு நீருக்கு மாற்று வானத்திலிருந்து வந்ததா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008-இல் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானியக் கடனுதவியோடு சுமார் 1,928 கோடி ரூபாய் செலவானது. நடுவில் ஆட்சி மாறியது, திட்டம் நிற்கவில்லை. 2013-இல் தொடங்கிவைத்தார்கள். தொகை, கடன், குழாய்ப் பாதை எல்லாம் காகிதத்தில் முடிவாகியிருந்தால் வாக்குறுதி தண்ணீராக வந்து சேரும். 2023-இல் இதே மாவட்டத்து ரேஷன் கடைகளில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு தந்தார்கள். நெல்லைவிடக் குறைந்த நீரில் விளையும் பயிருக்கு அரசே சந்தை தருவதைவிடப் பெரிய காலநிலைக் கொள்கை வேறென்ன வேண்டும்?

இன்று மாவட்டந்தோறும் ஆட்சியர் தலைமையில் காலநிலை மாற்ற இயக்கம் உண்டு. உங்கள் ஊர் ஏரியைத் தூர்வார அதில் எவ்வளவு ஒதுக்கினார்கள்? மானாவாரி விவசாயிக்கு என்ன திட்டம்? கேட்டிருக்கிறீர்களா? கேட்காத மக்களுக்குக் கணக்குக் காட்ட எந்த அரசுக்கு அவசரம்?

தொகையும் பொறுப்பாளரும் தேதியும் இல்லாத உறுதிமொழி வெறும் வேண்டுதல். ஏழையின் தாகத்தை வேண்டுதலிடம் ஒப்படைப்பது, யார் செய்தாலும், அறமற்ற செயல். மார்ச் 22 கிராமசபையில் எழுந்து நின்று அந்த மூன்றையும் கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.