ஆளற்ற வார்டில் ஓர் அமானிதம்

நம் ஊர்ப் பொது மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையாக ஓரிரவேனும் விழித்திருந்தவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். நீண்ட வார்டு, வரிசையாகக் கட்டில்கள், இடையே திரை கிடையாது. அடுத்த கட்டில் நோயாளியின் புண்ணைக் கழுவிக் கட்ட நர்ஸ் வந்து நிற்கிறார். அந்தக் கணத்தில், யாரும் சொல்லாமலே, சுற்றியிருப்போர் அனைவரும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள். ஒருவர் சன்னலைப் பார்க்கிறார். இன்னொருவர் திறக்கத் தேவையில்லாத பிளாஸ்க்கின் மூடியைத் திருகுகிறார். கட்டு முடிந்து, போர்வை இழுத்து மூடப்பட்ட பிறகே பேச்சு மீண்டும் தொடங்குகிறது.

முன்பின் அறியாதவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் இந்தச் சிறு மரியாதையை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் மருத்துவமனை என்னும் ஏற்பாடே இதன் மேல்தான் நிற்கிறது. பெற்ற பிள்ளைக்கும் காட்டாத உடலை, வாழ்க்கைத் துணைக்கும் சொல்லாத வேதனையை, மனிதன் அங்கே அந்நியர் கையில் ஒப்படைக்கிறான். திருப்பித் தர வேண்டிய பொருள் மட்டுமா அமானிதம்? திறந்து காட்டக் கூடாததும் அமானிதமே.

இனி ஒரு கேள்வி. நோயாளிகள் போய்விட்டார்கள். மருத்துவர்களும் போய்விட்டார்கள். வாயிலில் துருப்பிடித்த பூட்டுத் தொங்குகிறது. கூரைப் பிளவில் செடி முளைத்து மரமாகிவிட்டது. அப்போது அந்த அமானிதம் என்ன ஆகிறது? கட்டடத்தோடு அதுவும் கைவிடப்பட்டுவிட்டதா?

இது வெறும் கற்பனைக் கேள்வியன்று. மூடிக் கிடக்கும் மருத்துவமனைகளுக்குள் கேமராவுடன் நுழைந்து படம் எடுப்பது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலருக்கு ஓர் ஈடுபாடாகவே வளர்ந்திருக்கிறது. உரிந்து தொங்கும் சுவர்ப்பூச்சு, சக்கரம் துருப்பிடித்த கட்டில், அறுவை அறையின் பெரிய விளக்கு, சன்னல் வழியே உள்ளே படர்ந்த கொடி ஆகியவை அவர்கள் தேடிச் செல்லும் காட்சிகள். அவர்களுள் பொறுப்புள்ளவர்கள் தமக்கென ஒரு நெறியும் வைத்திருக்கிறார்கள். எதையும் உடைப்பதில்லை, எதையும் கொண்டுபோவதில்லை, படம் மட்டுமே எடுப்பது. கேட்கும்போது குற்றம் சொல்ல இடமில்லை என்றே தோன்றும். ஆனால் நம் மொழி அதையும் 'எடுப்பது' என்றுதானே சொல்கிறது? எடுத்தது எது, யாருடையது என்று கேட்கும் கடமை அச்சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஓர் உண்மை இடத்தை வைத்தே இதைச் சிந்திப்போம்.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்றொரு சிறு தீவு உண்டு. அமெரிக்காவில் குடியேற வந்தவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் நிலையம் 1892 முதல் 1954 வரை அங்கே இயங்கியது. அதன் வழியே சென்றவர்கள் 1 கோடியே 20 லட்சம் பேருக்கும் அதிகம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் வரிசையாக நடந்து வர, மருத்துவர்கள் சில நொடிகளில் அவர்களை எடை போட்டார்கள். ஐயம் தோன்றினால் மேற்கோட்டின் மீது சாக்பீஸால் ஓர் எழுத்தை எழுதினார்கள். இதயக் கோளாறு என்றால் 'ஹெச்'. கால் நொண்டினால் 'எல்'. கண்ணில் குறையென்றால் 'இ'. மனநலத்தில் ஐயமென்றால் 'எக்ஸ்'. டிரக்கோமா என்னும் கண்நோய் உண்டா என்று அறிய இமையைப் புரட்டிப் பார்த்தார்கள். பொத்தான் மாட்டும் கொக்கியே சில வேளைகளில் அதற்குக் கருவியாயிற்று. தாய்நாட்டை விட்டு, கடலைக் கடந்து வந்த ஒருவரின் உடல் இரகசியம், ஊரார் பார்க்கும்படி அவர் கோட்டில் எழுதப்பட்டது. அவர்களுள் சிலர், அந்தக் கோட்டைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியுமாறு மாற்றிப் போட்டுக்கொண்டு அடுத்த வாயிலைக் கடந்தார்கள் என்றும் சொல்வார்கள். அந்தக் கோட்டை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். நாம் மீண்டும் அதனிடம் வருவோம்.

சிகிச்சை தேவைப்பட்டவர்களுக்காக அதே தீவில் 1902-ல் ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. சில ஆண்டுகளில் தொற்றுநோயாளர்க்கெனத் தனி வார்டுகளும் எழுந்தன. குணமடைந்தோர் தாம் தேடி வந்த நாட்டில் கால் வைத்தார்கள். குணமாகாதவர்களுள் பலர் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். சுமார் 350 குழந்தைகள் அங்கே பிறந்தன. ஏறத்தாழ 3,500 பேர் அங்கேயே இறந்தனர்.

1954-ல் தீவு மூடப்பட்டது. அதன் முதன்மைக் கட்டடம் செப்பனிடப்பட்டு 1990-ல் அருங்காட்சியகமாயிற்று. மருத்துவமனையோ மழைக்கும் உப்புக் காற்றுக்கும் இரையாகிக் கிடந்தது. 1998-ல் ஸ்டீபன் வில்க்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர் ஒரு பணிக்காக அதனுள் சென்றார். சென்றவர் ஐந்தாண்டுக் காலம் திரும்பத் திரும்பச் சென்றார். செயற்கை விளக்கு வைக்காமல், சன்னல் வழியே வரும் வெளிச்சத்தை மட்டும் நம்பிப் படம் எடுத்தார். அவற்றுள் ஒன்று காசநோய் வார்டின் படம். சிதைந்த சுவர்; கைகழுவும் தொட்டிக்கு மேலே ஒரு கண்ணாடி; அக்கண்ணாடிக்குள், தூரத்தில், சுதந்திர தேவி சிலையின் பிம்பம்! காலையில் எழுந்து முகம் கழுவ வந்த நோயாளி, இளைத்துப்போன தம் முகத்தோடு அந்தச் சிலையையும் கண்டிருக்கக்கூடும். கைக்கெட்டும் தூரத்தில் நிற்பதுபோல் நின்றது அவர் தேடி வந்த நாடு. அதை அடையாமலே மறைந்தவர்களும் உண்டு.

இப்படத்தில் நோயாளி எவரும் இல்லை. யாருடைய பெயரும் இல்லை. யாருக்கு என்ன நோய் என்ற குறிப்பும் இல்லை. ஆயினும் அந்த வார்டின் துயரம் ஒன்றுகூட விடுபடவில்லை. இடிந்து விழவிருந்த கட்டடங்களைத் தாங்கி நிறுத்த அமெரிக்கக் காங்கிரஸ் 60 லட்சம் டாலர் ஒதுக்குவதற்கு அவருடைய படங்கள் துணைநின்றன. 2014-ல் பொதுமக்கள் தலைக்கவசம் அணிந்து, வழிகாட்டியுடன் அந்த வார்டுகளைச் சுற்றிப் பார்க்க வழி திறக்கப்பட்டது. மறக்கப்பட்டதை நினைவுக்குக் கொண்டுவந்த கேமரா அது.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒருவர் உயிர் பிரிந்த அறையை இன்னொருவர் வரவேற்பறையில் அழகுப் படமாக மாட்டுவது தகுமா என்று கேட்பார்கள். இம்மறுப்பில் வலு இருக்கிறது. உரிந்த சுண்ணாம்பின் நிறத்தில் மயங்குகிறவர், அச்சுவருக்கு இப்பால் இருமிக்கொண்டு கிடந்தவரை மறந்துவிடலாம். சக்கர நாற்காலியை இழுத்து வைத்து, அதில் ஒரு பொம்மையையும் உட்காரவைத்து, பேய் உலவும் இடம்போல் காட்டிப் படம் எடுப்போரும் உண்டு. அவர்கள் செய்வது சாட்சி கூறலன்று, பொய்ச்சாட்சி. ஆனால் அழகு என்பது தன்னளவில் குற்றமாகாது. இறந்தவரின் அடக்கத்தலத்தில் மரம் பூத்தால் அதைக் குற்றமென்பார் இல்லை. எது அழகாகக் காட்டப்படுகிறது என்பதைவிட, எது வெளியே சொல்லப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இக்கேள்வியை இன்னும் கூர்மையாக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தில் வில்லார்டு என்னுமிடத்தில், 1869 முதல் இயங்கிவந்த ஒரு மனநல மருத்துவமனை 1995-ல் மூடப்பட்டது. மூடும் வேளையில், ஒரு கட்டடத்தின் மேல்தளப் பரணில் சுமார் 400 பெட்டிகள் கண்டெடுக்கப்பட்டன. நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்த நாளில் கையோடு கொண்டுவந்தவை அவை. வீடு திரும்பும் நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று வாங்கி வைக்கப்பட்ட பெட்டிகள், பல பத்தாண்டுகள் திறக்கப்படாமலே இருந்தன. உள்ளே துணிமணிகள், கடிதங்கள், குடும்பப் படங்கள், தையல் நூல், கடிகாரம்! திரும்பிப் போவோம் என்ற நம்பிக்கையை மடித்து வைத்ததுபோல் இருந்தது ஒவ்வொரு பெட்டியும். 2004-ல் அவற்றுள் சில ஒரு கண்காட்சியில் வைக்கப்பட்டன. 2011 முதல் ஜான் கிறிஸ்பின் என்னும் புகைப்படக் கலைஞர் அப்பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்.

ஆனால் பெட்டிக்கு உரியவரின் முழுப்பெயரை வெளியிட அனுமதி இல்லை. நோயாளியின் மறைவைக் காக்கும் விதி, அவர் இறந்த பின்னும் பொருந்தும் என்றது மாநிலம். பொருள் தெரியும், பெயர் தெரியாது. அதே மருத்துவமனையின் அடக்கத்தலத்திலோ 5,000-க்கும் மேற்பட்டோர் பெயரின்றி, எண்ணிட்ட அடையாளத்தின் கீழ் புதைக்கப்பட்டிருந்தார்கள். உயிரோடிருக்கையில் வீடு மறந்தது. இறந்தபின் கல்லும் மறந்தது. இப்போது படமும் பெயரை மறைக்க வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி அல்லவா?

நாம் இங்கே ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். மருத்துவமனையில் இரண்டு இரகசியங்கள் இருக்கின்றன. ஒன்று நோயாளியினுடையது, மற்றொன்று அவரை அங்கே வைத்து மறந்துபோனவர்களுடையது. முன்னது மானம், பின்னது வெட்கக்கேடு. பூட்டிய கதவுக்குப் பின்னே இரண்டும் ஒன்றாகவே கிடப்பதால், ஒன்றைக் காப்பதாகச் சொல்லி மற்றொன்றையும் மறைத்துவிட முடிகிறது.

நம் மக்களிடையே மவுத் நிகழும்போது என்ன செய்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். மையித்தைக் குளிப்பாட்டியவர், அவ்வுடலில் கண்ட குறை எதையும் வெளியே வந்து பேசுவதில்லை. கேட்பவர்க்கும் சொல்வதில்லை. ஆனால் இறந்தவர் பெயரை நாம் மறைப்பதில்லை. இன்னாருடைய மகன் இன்னார் என்று பள்ளிவாசலிலிருந்து ஊருக்கே அறிவிக்கிறோம். உடலின் மறைவு மூடப்படுகிறது. பெயர் உரக்கச் சொல்லப்படுகிறது. இரண்டும் ஒரே மரியாதையின் இரு பக்கங்கள்.

இதே தெளிவுக்கு, சற்றுத் தாமதமாகவேனும், ஓர் அரசும் வந்து சேர்ந்தது. ஓரிகன் மாநிலத்தின் சேலம் நகரில் 1883-ல் தொடங்கி இன்றும் இயங்கும் மனநல மருத்துவமனை ஒன்று உண்டு. அதன் பழைய பகுதியில், ஒதுக்கப்பட்ட ஓர் அறையில், தகனம் செய்யப்பட்ட நோயாளிகளின் சாம்பல் அடங்கிய சுமார் 3,500 செப்புக் குப்பிகள் அடுக்கப்பட்டிருந்தன. கேட்டு வருவார் இல்லாமல் தங்கிப்போனவை அவை. 2004-ல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள் அந்த அறையைக் கண்டபோது செய்தி நாடெங்கும் பரவியது. டேவிட் மெய்சல் என்னும் கலைஞர் அக்குப்பிகளைப் படம் எடுத்து 2008-ல் நூலாக வெளியிட்டார். ஈரம் பட்டு ஒவ்வொரு குப்பியிலும் செம்பு ஒவ்வொரு விதமாகப் பூத்திருந்தது. ஒன்றில் நீலம், ஒன்றில் பச்சை, ஒன்றில் வெண்மை. எண்ணிட்டு ஒன்றுபோல் ஆக்கப்பட்டவர்கள், கடைசியில் ஒருவர்போல் ஒருவர் இல்லை என்று அந்தப் படங்கள் காட்டின. பின்னர் மாநிலமே அவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பேரர்களும் அவர்தம் பிள்ளைகளும் தேடி வந்து தம்மவரைப் பெற்றுச் சென்றார்கள். 2014-ல் நினைவிடமும் திறக்கப்பட்டது. எந்த நோய்க்காக யார் அங்கே இருந்தார் என்பதை அறிவிக்க வேண்டிய அவசியமே எழவில்லை. பெயர் மட்டும் போதுமானதாயிருந்தது.

பெயரையும் மறைக்க வேண்டும் என்போரின் அச்சத்தையும் நாம் புறந்தள்ளக் கூடாது. மனநோய் என்ற சொல்லோடு சமூகம் ஒட்டிவிட்ட களங்கம் மூன்றாம் தலைமுறைவரை துரத்தும். பெண் கேட்கும் இடத்திலும், மாப்பிள்ளை பார்க்கும் இடத்திலும் அது பேசப்படும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆகவே உறவினர் இருப்பின் அவரைக் கேட்பதே முறை. ஆனால் பெயரை என்றென்றும் புதைத்து வைப்பது அக்களங்கத்தை ஒப்புக்கொள்வதாகவே முடியும். நோயுற்றது குற்றமன்று என்றால், நோயுற்றவரின் பெயர் ஏன் குற்றவாளியின் பெயர்போல் ஒளிய வேண்டும்?

ஆகவே ஆளற்ற மருத்துவமனைக்குள் கேமராவுடன் செல்வதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். பூட்டை உடைத்துப் புகுந்து, பின்வரும் திருடர்க்கு வழிகாட்டுவது தவறு. மேலே சொன்ன மூவரும் அனுமதி பெற்றே தம் பணியைச் செய்தார்கள். உள்ளே சென்ற பின்னர்தான் உண்மையான சோதனை தொடங்குகிறது. மேசை இழுப்பறையில் ஒரு நோய்க்குறிப்புக் கட்டு. தரையில் ஒருவரின் மார்பு எக்ஸ்ரே. சுவரில் யாரோ நகத்தால் கீறிய நாள்கணக்கு. எதைப் படம் எடுப்பது, எதை விடுவது? அருகில் நர்ஸ் இல்லை, உறவினர் இல்லை, தடுக்க எவரும் இல்லை. அந்தக் கட்டிலில் அவர் இன்னும் படுத்திருந்தால் இதை உலகறியச் சொல்லும்படி கேட்பாரா, மறைக்கும்படி கேட்பாரா என்று தம்மையே கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு அளவுகோல் இல்லை. சன்னலுக்கு வெளியே தெரிந்த சிலையைக் காட்டும்படி அந்தக் காசநோயாளி கேட்டிருப்பார். எச்சில் கிண்ணத்தைக் காட்டும்படி கேட்டிருக்கமாட்டார். எண்ணிட்ட கல்லைக் காட்டி, அதன் கீழே இருப்பது யார் என்று விசாரிக்கும்படி வில்லார்டில் புதையுண்டவர் கேட்டிருப்பார்.

கோட்டை உள்வெளியாக மாற்றிப் போட்டுக்கொண்டு வாயிலைக் கடந்த அந்த மனிதரை இப்போது நினைத்துக்கொள்வோம். அவர் தம் பெயரை மறைக்கவில்லை. கேட்டவர்க்கு அதைச் சொல்லித்தான் உள்ளே சென்றார். சாக்பீஸ் எழுத்தை மட்டுமே மறைத்தார். பல்லாண்டு கழிந்து, தூசி படிந்த அந்த வார்டில் அவருடைய கோட்டு நமக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதைப் படம் எடுக்கலாம், அது யாருடையது என்று தேடலாம், ஊருக்குச் சொல்லலாம். ஆனால் அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்க நமக்கு உரிமை இல்லை. அது அவர் நம்மிடம் விட்டுச்சென்ற அமானிதம்.