தேர்க்காலும் சட்டப் பேச்சும்

பொலிஸ்காரர் கை காட்டியதும் வண்டியை ஓரங்கட்டி லைசனை நீட்டுவது ஒரு காலத்து வழக்கம். இப்போது லைசனுக்கு முன்னால் கைத்தொலைபேசி நீளுகிறது. ஒளிப்பதிவு ஓடத் தொடங்கியதும் கேள்விகள் வருகின்றன. "எந்தச் சட்டத்தில் எத்தனையாம் பிரிவு, சேர்?" "தொப்பி போடாமல் நிற்கிறீர்களே, என்னை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா?" "நீதிமன்ற உத்தரவு இல்லாமல் என் லைசனை எப்படி வாங்குவீர்கள்?" "இது தோட்டத்து ரோடு, கம்பனிக்குச் சொந்தம், இங்கே உங்கள் சட்டம் செல்லாது." பிறகு காணொளி கைமாறிக் கைமாறிப் போகிறது. பார்த்தவர்கள் அந்தச் சாரதியைச் சட்டம் தெரிந்தவன் என்று மெச்சுகிறார்கள். அவன் முடக்கில் முந்தினானா, தலைக்கவசம் போட்டிருந்தானா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மெச்சுவதற்கு இதில் ஒன்றுமில்லை. சட்டத்தின் சொற்களைக் கொண்டே சட்டத்தை ஏய்ப்பது, சட்டத்தை வெளிப்படையாக மீறுவதைக் காட்டிலும் கீழான செயல். மீறுகிறவன் குற்றத்தை மட்டும் செய்கிறான். ஏய்க்கிறவனோ குற்றத்தையும் செய்து, அதற்கு நியாயத்தின் உடையையும் உடுத்திவிடுகிறான். பார்த்துக்கொண்டிருக்கும் பத்துப் பேரின் மனத்தில் எது சரி, எது பிழை என்ற தெளிவையும் கலக்கிவிட்டுப் போகிறான்.

வாதங்களை ஒருமுறை உரசிப் பார்த்தாலே சாயம் வெளுக்கும். இலங்கையின் தெருக்களை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் அதன் திருத்தங்களும். சிறு குற்றங்களுக்கு அந்த இடத்திலேயே தண்டச் சீட்டு எழுதி லைசனைப் பெற்றுக்கொள்ள பொலிசுக்கு அது அதிகாரம் தருகிறது. அந்தச் சீட்டே 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதிப்பத்திரம். தபாலகத்தில் பணத்தைக் கட்டினால் லைசன் திரும்பக் கிடைக்கும். குற்றத்தை ஒப்புக்கொள்ளாதவர் பணம் கட்டாமல் நீதவான் முன்னிலையில் போய்த் தன் நியாயத்தைச் சொல்லலாம். ஆக, நீதிமன்றம் கேட்கிறவருக்கு நீதிமன்றம் இருக்கவே இருக்கிறது. தோட்டத்து ரோட்டு வாதமும் நிற்காது. பொதுமக்களோ அவர்களில் ஒரு பிரிவினரோ போய்வர விடப்பட்ட இடத்தையும் சட்டம் பெருந்தெரு என்றே கொள்கிறது. கொழுந்து லொறியும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஒரே பாதையில் போகும் தோட்டத்தில் வேறு எப்படி இருக்க முடியும்? தொப்பி விவகாரம் பேசத் தகுந்ததே அல்ல. பொலிஸ்காரர் தொப்பி போட்டால் தேய்ந்த டயர் புதிதாகிவிடுமா?

சற்று நாகரிகமான வாதம் ஒன்று 2025 ஜனவரியில் நாடு முழுக்கக் கேட்டது. 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின் பேரில் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் பூட்டியிருந்த கூடுதல் விளக்குகள், ஒலிப்பான்கள், அலங்காரக் கம்பிகள் ஆகியவற்றைக் கழற்றும்படி பொலிஸ் இறங்கியது. சங்கங்கள் கொதித்தன. "இவை சுங்க வரி கட்டி இறக்குமதியானவை, கடையில் பகிரங்கமாக விற்பவை. விற்பது சட்டப்படி என்றால் பூட்டுவது மட்டும் எப்படிக் குற்றம்?" என்று கேட்டார்கள். கேட்பதற்குக் கூர்மையான கேள்விதான். ஆனால் விற்கலாம் என்பதிலிருந்து எங்கும் எப்படியும் பயன்படுத்தலாம் என்பது பிறக்காது. சாராயமும் வரி கட்டித்தான் விற்கப்படுகிறது. அதைக் குடித்துவிட்டு ஹாலிஎலச் சந்தியில் பஸ்ஸைத் திருப்பலாம் என்று எந்தச் சங்கமும் சொல்லாது. 2016 டிசம்பரிலும் இதே குரல் எழுந்தது. குடித்துவிட்டு ஓட்டுவது, லைசனோ காப்புறுதியோ இல்லாமல் ஓட்டுவது, இடப்பக்கமாக முந்துவது போன்ற பாரதூரமான குற்றங்களுக்குக் குறைந்தபட்சத் தண்டத்தை 25,000 ரூபாயாக்கும் யோசனை வந்ததும் தனியார் பஸ்கள் ஓடாமல் நின்றன. வயிற்றுப் பிழைப்பு உரிமை என்றார்கள். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருப்பவரின் உயிர் உரிமை அந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை.

ஊவாவில் இந்தப் பேச்சு வேறெங்கும் இல்லாத அளவுக்கு ஆபத்தானது. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளம், நடுவில் இரண்டு வண்டி உரசிக்கொண்டு விலகும் பாதை, மாலையானால் மூடுபனி. 2021 மார்ச் 20ஆம் திகதி காலையில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட தனியார் பஸ் பசறை 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பாறை சரிந்து ஒடுங்கிப்போயிருந்த இடம் அது. 14 உயிர்களுக்குக் குறையாமல் போயின. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, எல்ல - வெல்லவாய வீதியில், சுற்றுலா வந்து திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் ஏறத்தாழ ஆயிரம் அடிப் பள்ளத்தில் விழுந்து 15 பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். இந்த விபத்துகளுக்கு யார் காரணம் என்று தீர்ப்பது விசாரணையின் வேலை. ஆனால் இந்தப் பாதைகளில் விதி என்பது யாருடைய உயிரை யார் கையில் கொடுத்திருக்கிறது என்பதை அவை கண்முன் வைத்துவிட்டன. சட்டம் பேசும் சாரதிக்குத் தன் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை இருக்கிறதென்றே வைத்துக்கொள்வோம். மிதிபலகையில் தொங்கிக்கொண்டு பதுளை ஆஸ்பத்திரிக்கு வரும் தோட்டத்துத் தாயின் உயிரை வைத்து வாதாட அவனுக்கு யார் பத்திரம் எழுதிக் கொடுத்தது?

நம் முன்னோர் இந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். தமிழில் நீதி என்றதும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு தெரு விபத்துத்தான். திருவாரூர் வீதியில் இளவரசன் வீதிவிடங்கனின் தேர்க்காலில் கன்று சிக்கி இறந்தது. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொல்லும் அந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி அமைச்சர்களின் பேச்சு. அவர்கள் நூல்களைக் காட்டினார்கள், அந்தணர் விதித்த பிராயச்சித்தம் போதும் என்றார்கள், வழக்கத்தை எடுத்துரைத்தார்கள். சட்டத்துக்குள்ளேயே தப்பும் வழி ஒன்று அரசனுக்கு முன்னால் விரிக்கப்பட்டது. மனுநீதிச் சோழன் அதை ஏற்கவில்லை. அந்நியன் ஓர் உயிரைக் கொன்றால் ஒரு விதி, என் மகன் கொன்றால் ஒரு விதியா என்று கேட்டான். மகன்மீது தேரை ஏற்றும்படி ஏவப்பட்ட அமைச்சன் மனம் ஒப்பாமல் தன் உயிரை விட்டபோது, அரசனே தேரைச் செலுத்தினான். தேர் தன்னுடையது, ஓட்டியவன் தன் மகன், ஆட்சி தன்னுடையது. தப்பிக்க அவனைவிட வசதி பெற்றவர் யார்?

சிங்களவரின் மகாவம்சமும் இதே கதையை எல்லாளன் மேல் ஏற்றிச் சொல்கிறது. அது சொல்லும் இன்னொரு நிகழ்ச்சி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. எல்லாளனின் தேர் பட்டு ஒரு தூபியின் 15 கற்கள் பெயர்ந்தன. வேண்டுமென்று செய்ததல்ல. இருந்தும் அவன் தேரிலிருந்து குதித்துத் தெருவில் படுத்து, என் தலையையும் சக்கரத்தால் துண்டியுங்கள் என்றான். புத்தர் பிறரைத் துன்புறுத்துவதை ஏற்காதவர், தூபியைச் சீர்செய்தால் போதும் என்று அமைச்சர்கள் தேற்றினார்கள். 15 கற்களுக்காக அவன் 15,000 கஹாபண நாணயங்களைச் செலவிட்டான் என்கிறது அந்நூல். வேற்று மதத்து வழிபாட்டிடம், தற்செயலான சேதம், கேட்க ஆளில்லாத அரச பதவி. மூன்றையும் அவன் வாதமாக வைக்கவில்லை. அவனைப் போரில் கொன்ற துட்டகைமுனு, எல்லாளன் சமாதியைக் கடப்பவர்கள் வாத்திய ஒலியை நிறுத்த வேண்டும் என்று விதித்தான். இந்தத் தீவின் நெடுநாள் நிலைத்த போக்குவரத்து விதி அதுவாகத்தான் இருக்கும். 1818இல் ஊவாக் கிளர்ச்சியை அடுத்துப் பிரித்தானியருக்குத் தப்பி ஓடிய கண்டிப் பிரபு பிலிமத்தலாவை, அநுராதபுரத்தில் அந்தச் சமாதி இருக்கும் இடம் வந்ததும் பல்லக்கை விட்டு இறங்கி, அதைக் கடந்துவிட்டோம் என்று உறுதியாகும்வரை நடந்தே போனார் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். உயிருக்கு ஓடுகிறவன் கூட இறங்கி நடந்தான். நாம் வேலைக்குப் பிந்துகிறது என்று வெள்ளைக் கோட்டைத் தாண்டுகிறோம்.

வள்ளுவர் இந்தச் சட்டப் பேச்சாளரைப் பார்த்தே எழுதியது போல இரண்டு இடங்கள் உண்டு. பேதைமை அதிகாரத்தில், கற்று உணர்ந்து பிறருக்கும் எடுத்துச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் அடங்காதவனைவிடப் பெரிய பேதை இல்லை என்கிறார். கூடாவொழுக்கத்தில், புலித்தோல் போர்த்திக்கொண்டு பயிரை மேயும் பசுவைக் காட்டுகிறார். பிரிவு எண்ணையும் உறுப்புரையையும் போர்த்திக்கொண்டு விதியை மேய்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடையாது. ஒழுக்கமுடைமையில் அவர் சொல்வதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். உலகத்தோடு பொருந்தி நடக்கத் தெரியாதவர் எவ்வளவு கற்றிருந்தாலும் கல்லாதவரே.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் தங்களைத் தனி இறைமை உள்ளவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் கூட்டத்தினர், "நான் வாகனம் ஓட்டவில்லை, பயணம் செய்கிறேன், எனக்கு லைசன் வேண்டாம்" என்று வாதிடுகிறார்கள். கனடாவின் அல்பேர்ட்டாவில் நீதிபதி ரூக், 2012இல் ஒரு விவாகரத்து வழக்கின் தீர்ப்பில் இத்தகைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, எதற்கும் சட்டத்தில் வேரில்லை என்று காட்டினார். இந்தியாவில் மதுராவின் ஜவகர் பாக் பூங்காவை ஆக்கிரமித்திருந்த குழு, குடியரசுத் தலைவர் தேர்தலே செல்லாது, ஒரு ரூபாய்க்கு 60 லீற்றர் டீசல் வேண்டும் என்றெல்லாம் கேட்டது. சிரித்துவிட்டுப் போகலாம் என்று தோன்றும். 2016 ஜூனில் அங்கு இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2025 ஓகஸ்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இரண்டு பொலிசார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சந்தேக நபர், லைசன் வழக்கொன்றில் இத்தகைய வாதங்களை வைத்துத் தோற்றவர். லைசனில் தொடங்கும் வாதம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை.

மலையகத் தமிழன் இந்தப் பேச்சைப் பேசுவதில் கூடுதலான அவலம் ஒன்று இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிகளை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை எண்ணிக்கையாகப் பங்கிட்டது. 2003இல்தான் எஞ்சியவர்களுக்குக் கதவு முழுதாகத் திறந்தது. "இந்த நாட்டுச் சட்டம் என்னைக் கட்டாது" என்று இன்று ஒருவன் வீரம் பேசுகிறான். அந்தச் சட்டம் தங்களையும் கட்ட வேண்டும், தங்களையும் காக்க வேண்டும் என்றுதான் ஒரு தலைமுறை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் விண்ணப்பங்களோடு அலைந்தது. 1952இல் கொழும்பில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் கேட்டதும் அதைத்தான். அவர்கள் முகத்தை மறைக்கவில்லை. 1927 நவம்பரில் பதுளைக்கும் வந்து பேசிப்போன காந்தி, அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அகமதாபாத் நீதிமன்றத்தில் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு, உச்ச தண்டனையையே தரும்படி நீதிபதியிடம் கேட்டார். அநீதியான சட்டத்தை மீறுவதற்கும் ஓர் அறம் உண்டு. அந்த அறத்தின் விலை தண்டனையை ஏற்பது. தண்டனைக்குத் தப்பவென்றே சட்டம் பேசுகிறவன் காந்தியின் பெயரை எடுக்காமல் இருப்பது நல்லது.

மறுபக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. கை நீட்டும் பொலிஸ்காரர் உண்டு. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்ட பிறகும், தண்டச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்திடும் தோட்டத்து இளைஞர்கள் உண்டு. யானை வயலில் புகுந்தால் தின்பதைவிட மிதிப்பதே அதிகம் என்று பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்னது தண்டம் வசூலிப்பவர்களுக்கும் பொருந்தும். கேள்வி கேட்பது குடிமகனின் உரிமைதான், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. 2015இல் முகம் முழுதும் மூடும் தலைக்கவசத்தைப் பொலிஸ் தடைசெய்தபோது மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சட்டத்தைக் கேள்வி கேட்பது அப்படி. நடுத்தெருவில், பின்னால் பத்து வண்டி நிற்க, பாதி படித்த பிரிவொன்றை உரக்க வாசிப்பது வேறு.

ஆகவே ஊவாவின் பஸ் சங்கங்களுக்கும் முச்சக்கரவண்டிச் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தண்டச் சீட்டு கிடைத்தவருக்கு உள்ள இரண்டு வழிகளையும், அதாவது 14 நாட்களுக்குள் தபாலகத்தில் பணம் கட்டுவதையும், ஏற்காவிட்டால் நீதவான் முன் போவதையும், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு ஒவ்வொரு தரிப்பிடத்திலும் ஒட்டுங்கள். பொலிஸ்காரர் பணம் கேட்டால் எங்கே முறையிடுவது என்பதையும் அதன் கீழே எழுதுங்கள். அதன் பிறகும் தெருவில் நின்று சட்டம் பேசுகிற அங்கத்தவருக்காக வேலைநிறுத்தம் செய்யாதீர்கள்.