பிட்டு முதலில், மண் பிறகு



பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்குப் புதிதல்ல. சமய வகுப்பில் கேட்டிருப்போம், கோயில் சுவரில் படமாகப் பார்த்திருப்போம். நானும் அப்படித்தான். ஆனால் போன செமஸ்டர் விடுமுறையில் நடந்த ஒரு விஷயத்துக்குப் பிறகுதான் அந்தக் கதை எனக்குச் சுட்டது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாணிக்கவாசகரின் பெருமையை உலகுக்குக் காட்ட இறைவன் வைகையில் வெள்ளம் வரச் செய்தார். மதுரையில் வீட்டுக்கு ஒரு பங்கு என்று கரையை அடைக்கச் சொன்னான் பாண்டிய மன்னன். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. அப்போது ‘கூலிக்கு ஆள் வேண்டுமா?’ என்று கேட்டுக்கொண்டு ஓர் இளைஞன் வந்தான். உதிர்ந்த பிட்டுதான் கூலி என்று பேச்சு. சாப்பிட்டுவிட்டுப் போனவன் கொஞ்சம் மண் போட்டான், ஆடினான், பாடினான், தூங்கினான். மற்றவர்கள் பங்கெல்லாம் முடிந்தது, வந்தியின் பங்கு மட்டும் அப்படியே கிடந்தது. மன்னன் பிரம்பால் அடித்தான். அந்த அடி மன்னன் உட்பட எல்லா உயிர் மேலும் விழுந்தது. ஒரு கூடை மண்ணைக் கொட்டிக் கரையை அடைத்துவிட்டு அந்தக் கூலியாள் மறைந்து போனான்.

நன்றாக யோசித்துப் பாருங்கள். சிவபெருமான் இங்கே அரசனாக வரவில்லை, குருவாகவும் வரவில்லை. வேலை கேட்டு வந்த ஒரு இளைஞனாக வந்தார்.

இனி என் கதை. எங்கள் கோயில் மண்டபத்தில் இளைஞர் பிரிவு, வேலையில்லாத பசங்களுக்கு வார இறுதியில் வயரிங் பயிற்சி நடத்தியது. பயிற்சி முடிந்ததும், தெரிந்த ஒரு மின் குத்தகையாளரிடம் சில வாரம் வேலைப் பயிற்சிக்கு அனுப்புவோம். நான் மூன்றாம் ஆண்டு மின் பொறியியல் மாணவன், அதனால் பாடம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. பயிற்சிக்கு வந்தவர்களில் ஒருவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். படிவம் 3-ஓடு பள்ளியை விட்டவர். பல வருடம் வயரிங் கையாளாக இருந்தும் கையில் ஒரு சான்றிதழ் கிடையாது. நான் வெண்பலகையில் ஓமின் விதியை எழுதுவேன். குழாய்க்குள் வயர் இழுக்கத் தெரியாமல் நான் முழித்தபோது, “தம்பி, இப்படிப் பிடிங்க” என்று சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

வேலைப் பயிற்சியின் இரண்டாவது வாரம் அவர் வரவில்லை. போன் எடுக்கவில்லை. கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நான் சொன்னேன்: “இவங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் இவ்வளவுதான். சோம்பேறி.” யாரும் என்னைத் தடுக்கவில்லை. சிலர் சிரித்தார்கள்.

எங்கள் தலைவர் மட்டும், “வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டு வருவோம், வா” என்றார். போனோம். அவருடைய அம்மா தேநீர் கொடுத்தார். பிறகுதான் விஷயம் வந்தது. தவணை கட்டாததால் மோட்டாரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்தில் பஸ்ஸை நம்ப முடியாது. அலவன்ஸ் மாதக் கடைசியில்தான். “நடுவுல உள்ள நாளுக்கு எண்ணெய்க்கும் சாப்பாட்டுக்கும் என்னய்யா செய்யறது? கேக்க அவனுக்கு வெக்கம்” என்றார் அம்மா. அவர் உள்ளே இருந்து வந்து, “சாரி தம்பி” என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அன்று என் முதுகில் விழுந்தது பாண்டியன் வாங்கிய அதே அடி. பிரம்பைப் பிடித்திருந்தது என் நாக்கு.

வந்தி என்ன செய்தாள் என்று அப்போதுதான் புரிந்தது. அவளிடம் பணம் இல்லை. ஆனால் வந்தவன் பசியோடு இருக்கிறான் என்று தெரிந்ததும் முதலில் பிட்டைக் கொடுத்தாள். மண் பிறகுதான். நாமோ பயிற்சி கொடுத்தோம், இடம் பிடித்துக் கொடுத்தோம், பிட்டை மறந்துவிட்டோம்.

அதன் பிறகு பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அலவன்ஸில் ஒரு பகுதியை இளைஞர் பிரிவு முன்பணமாகக் கொடுத்தது. வேலைக்குப் போகும் வழியில் உள்ள உறுப்பினர் ஒருவர் காலையில் மோட்டாரில் ஏற்றிக்கொண்டார். அவர் பயிற்சியை முடித்தார். இன்று அதே குத்தகையாளரிடம் வேலை செய்கிறார்.

இன்னொரு விஷயத்தை நம் பசங்க பலர் அறிவதில்லை. எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழைப் பெற மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பயிற்சி நிலையத்தில் படிப்பது. இரண்டு, எஸ்.எல்.டி.என். திட்டம்: 70 முதல் 80 விழுக்காடு பயிற்சி வேலையிடத்திலேயே நடக்கும், மீதிதான் வகுப்பு. மூன்று, பி.பி.டி.: ஏற்கெனவே செய்த வேலைக்கான ஆதாரங்களைத் தொகுத்துக் காட்டி, மதிப்பீட்டில் தேறிப் பெறுவது. முதல் நிலைக்கு எஸ்.பி.எம். தேவையில்லை. முதல் மூன்று நிலை சான்றிதழ், நான்காவது டிப்ளோமா, ஐந்தாவது உயர் டிப்ளோமா. நம் அண்ணன் இப்போது மூன்றாவது வழியில் ஆதாரங்களைச் சேர்த்துக்கொண்டிருக்கிறார். பாரங்களை நிரப்ப நான் உதவுகிறேன். இப்போது அவர்தான் எனக்கு ஆசிரியர்.

கதையைக் காட்டி வேலை நேரத்தில் தூங்கலாம் என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள்! அந்தக் கூலியாளும் கடைசியில் கரையை அடைத்துவிட்டுத்தான் போனார். நான் சொல்வது, பிரம்பு கையில் உள்ளவர்களுக்கு. நாம் படித்தவர்கள், நமக்கு நாலு பேரைத் தெரியும். உங்கள் தாமானில் வேலையில்லாத ஒருவர் இருந்தால், இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். அறிவுரை வேண்டாம். “எது தடையா இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். வாசலில் நிற்பது யார் என்று வந்திக்கும் முதலில் தெரியாது.

சிவாய நம.