அஞ்செழுத்தை எண்ணுதல்

பைதான் நிரல்மொழியில் ‘நமசிவாய’ என்று எழுதி, அதன் நீளத்தை ‘லென்’ கொண்டு கேட்டால் 7 என்று விடை வரும். சைவர்கள் அஞ்செழுத்து என்று ஓதிவரும் மந்திரம் அது. கணினிக்குத் தமிழ் தெரியாது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அந்த ஏழும் காரணத்தோடு வந்ததுதான். ந, ம, ச, இகரக் குறி, வ, துணைக்கால், ய என ஒருங்குறியில் (யூனிகோடு) ஏழு இடங்களை அந்தச் சொல் பிடிக்கிறது. இதையே யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 21 பைட். உயிரையும் மெய்யையும் பிரித்து ஒலிகளாக எண்ணினால் பத்து. அப்படியானால் எழுத்து என்பது எது?

சைவ சித்தாந்தத்தில் இந்தக் கேள்வி வெறும் கணக்கு அல்ல. மனவாசகங்கடந்தாரின் உண்மை விளக்கமும், உமாபதி சிவம் திருவருட்பயனில் ஐந்தெழுத்துக்கென்றே வைத்த அதிகாரமும் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பொருள் தருகின்றன. ந மறைப்பாற்றல், ம மலம், சி சிவம், வ அருள், ய உயிர். ‘சி’ முழுதாக நின்றால்தான் சிவம். சகரத்துக்குத் தனியே ஒரு பொருளும், அதன் மேல் ஏறிய இகரத்துக்கு இன்னொரு பொருளும் அங்கே கிடையாது.

வரிசையும் முக்கியம். நமசிவாய என்பது தூல பஞ்சாட்சரம். சிவாயநம என்பது சூக்கும பஞ்சாட்சரம். முதலாவதிலிருந்து இரண்டாவதைப் பெற, முன்னால் உள்ள இரண்டை வெட்டிப் பின்னால் ஒட்ட வேண்டும். பைதானில் ஒரே வரி வேலை. விடையும் சரியாகவே வரும், ஏனென்றால் ந, ம இரண்டிலும் குறி எதுவும் ஏறவில்லை. திரும்பி வரும்போதுதான் சிக்கல். சிவாயநம என்பதில் முதல் மூன்றை வெட்டிப் பின்னால் வைக்கச் சொன்னால், பைதான் ச, இகரக் குறி, வ ஆகிய மூன்றை எடுத்துக்கொள்கிறது. ‘சிவ’ கடைசிக்குப் போய்விட, வகரத்தைப் பிரிந்த துணைக்கால் சரத்தின் (ஸ்ட்ரிங்) தொடக்கத்தில் ஒட்ட இடமின்றித் தனியே நிற்கிறது. சித்தாந்தி அருள் என்று படிக்கும் எழுத்துதான் இரண்டாகப் பிளந்திருக்கிறது.

இந்தப் பிளவு 1988-இன் இஸ்கி தர அமைப்பிலிருந்து ஒருங்குறிக்கு வந்தது. இந்திய எழுத்துமுறைகள் பலவற்றுக்கும் பொதுவாக, அகரம் ஏறிய மெய்க்கு ஓர் இடம், உயிர்க்குறிக்கு ஓர் இடம், புள்ளிக்கு ஓர் இடம் என்று அது வகுத்தது. 2010-இல் தமிழக அரசு ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 முறையில் உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் உண்டு. அதில் எண்ணினால் நமசிவாய ஐந்துதான். ஒரே சொல், இரண்டு அட்டவணை, இரண்டு எண்ணிக்கை.

இலக்கணம் இதை எப்போதோ யோசித்திருக்கிறது. முதலெழுத்து முப்பது என்று உயிரையும் மெய்யையும் தனித்தனியே நிறுத்திவிட்டுத்தான் அவற்றின் கூட்டமான உயிர்மெய்க்கு வருகிறார்கள் இலக்கணிகள். அங்கேதான் அழகான ஒரு முடிச்சு. மெய்க்கு அரை மாத்திரை, குறிலுக்கு ஒன்று. ச் என்ற மெய்யும் இகரமும் சேர்ந்தால் ஒன்றரை வர வேண்டும். ஆனால் ‘சி’ ஒரு மாத்திரைதான் ஒலிக்கும். கூட்டிய பின் கிடைப்பது கூட்டல் கணக்குக்கு அடங்கவில்லை. உறுப்புகளின் தொகைதான் முழுமை என்பவர்கள் இந்த அரை மாத்திரைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வடமொழித் தத்துவத்தில் இதே வழக்கு நூற்றாண்டுக்கணக்கில் நடந்தது. ‘கௌஹு’ என்ற சொல்லில் சொல் எது என்ற கேள்விக்கு, அதன் ஒலியெழுத்துகளே சொல் என்ற உபவர்ஷரின் விடையை மீமாம்சகரான சபரர் எடுத்துக்காட்டுகிறார். சரம் என்பது குறிகளின் வரிசை என்னும் பைதான் ஏறக்குறைய அந்தக் கட்சி. வாக்கியபதீயம் எழுதிய பர்த்ருஹரி எதிர்க்கட்சி. எழுத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன, பொருளோ முழுதாக ஒரே வீச்சில் விளங்குகிறது. அந்தப் பிளவுபடாத முழுமையே ஸ்போடம், பிரிப்பதெல்லாம் கற்பிக்கும் வசதிக்கு. ஏழாம் நூற்றாண்டுக் குமாரிலர் இதை மறுத்தார். முந்தைய எழுத்துகள் மனத்தில் விட்டுச்சென்ற பதிவோடு கடைசி எழுத்தும் சேர்ந்தால் போதும், தனியே ஒரு முழுமை வேண்டாம் என்றார்.

குமாரிலரை எளிதில் தள்ளிவிட முடியாது. வரிசை மாறினால் தூலம் சூக்குமமாகிறதே! ஆனால் வரிசையில் எது ஓர் அலகு என்பதை வரிசையே சொல்லாது. அதைப் பொருள் அறிந்தவர்தான் சொல்ல முடியும். இந்த இடத்தில் பர்த்ருஹரியின் பக்கமே வலுவானது.

எது ஒன்று என்பதைப் போலவே, எது அதே என்பதும் குழப்பும். ‘ஸ்ரீ’ என்பதை ஸகரம் கொண்டும் உள்ளிடலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரம் கொண்டும் உள்ளிடலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே வடிவம். ஓதினாலும் ஒன்றே. பைதானில் ஒப்பிட்டால் வேறு வேறு. ‘கொ’ என்பதில் ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே தட்டியதை, ஒருங்குறியின் இயல்பாக்கம் ஒரே குறியாக்கிவிடும். ஸ்ரீக்கு அந்த வசதியும் இல்லை. ஒருவகை ஸ்ரீயில் ஸ்ரீரங்கம் என்று தேடுபவருக்கு மற்றவகையில் பதிவான கோயில் குறிப்பு அகப்படாமலே போகும்.

தேவாரமும் திருமந்திரமும் மின்னெழுத்தில் ஏறிவிட்டன. அவற்றின் மேல் தேடலும் சொல்லடைவும் கட்டுகிறவர்கள் ‘லென்’ தரும் எண்ணை அப்படியே ஏற்க வேண்டாம். தமிழ் எழுத்துகளாகவே பிரித்துத் தரும் ஓப்பன்-தமிழ் போன்ற நிரல்தொகுப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வெட்டுவதற்கு முன் சரத்தை அவற்றில் கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். நமசிவாய அங்கே ஐந்தாகவே வரும்.