யாருக்கான வைத்தியம்?

தோசைக்கல்லில் விரல் பட்டால் ‘ஸ்ஸ்’ என்று இழுத்துக்கொள்கிறோம். குழாயைத் திறந்து தண்ணீரில் காட்டுகிறோம். கொப்புளம் வரும், உரியும், பத்துப் பதினைந்து நாளில் புதுத் தோல் வந்துவிடும்.

அந்தப் புதுத் தோல் எங்கிருந்து வருகிறது? தோலின் அடி வரிசையில் விதைநெல் மாதிரி சில செல்கள் இருக்கின்றன. ஸ்டெம் செல்கள். மேலே உதிர உதிர, கீழிருந்து இவை புதிதாக விளைவித்துக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அணுக்கதிர் விஷயம் வேறு. படும்போது பெரும்பாலும் சுடாது. கையை இழுத்துக்கொள்ளத் தோன்றாது. ஆனால், அடியில் இருக்கும் விதைநெல்லை அழித்துவிட்டுப் போய்விடும். மேல் தோல் சில நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். பிறகு உதிரும். அடுத்த போகம் வராது.

விதைநெல் போனால் என்ன செய்வோம்? வேறு இடத்திலிருந்து கொண்டுவருவோம். டாக்டர்களும் அதைத்தான் செய்கிறார்கள். 2005 டிசம்பரில் சிலி நாட்டில் ஒரு கட்டுமானத் தொழிலாளி, கீழே கிடந்த சின்ன உலோகத் துண்டை எடுத்து பின்பக்கப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். அது வெல்டிங்கைச் சோதிக்கும் கருவியிலிருந்து விழுந்த இரிடியம். பாக்கெட்டில் இருந்தது சில நிமிடங்கள்தான், பிறகு சதை அழுகத் தொடங்கிவிட்டது. பாரிஸ் அருகே பெர்ஸி ராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். கெட்ட சதையை வெட்டியெடுத்து, தோல் ஒட்டி, அவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து, புண்ணில் ஊசி போட்டார்கள். புண் ஆறியது. வலி போனது. கைதட்டலாம்.

இனி, கைதட்ட முடியாத கதை.

1999 செப்டம்பர் 30. ஜப்பானில் டோக்காய்முரா. யுரேனியக் கரைசலை அதற்கான கருவி வழியாக மெதுவாகச் செலுத்த வேண்டும் என்பது விதி. நேரம் மிச்சம் என்று ஸ்டீல் வாளியில் மொண்டு ஊற்றினார்கள். நீல வெளிச்சம் ஒன்று பளிச்சிட்டது. பக்கத்தில் நின்ற 35 வயது ஊழியர் மேல் பட்டது சுமார் 17 சீவர்ட். நாம் எல்லாரும் இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் வாங்குவது சராசரியாக 2.4 மில்லி சீவர்ட். வகுத்துப் பாருங்கள். ஏழாயிரம் வருடக் கணக்கு!

ஆஸ்பத்திரிக்கு வந்தபோது அவர் பேசிக்கொண்டிருந்தார். வெயிலில் அலைந்தவர் மாதிரி தோல் கொஞ்சம் சிவந்திருந்தது, அவ்வளவுதான். தங்கை தன் ரத்த ஸ்டெம் செல்களைக் கொடுத்தார். அவை ஒட்டிக்கொள்ளவும் செய்தன. ஆனால் தோல் உதிர்ந்தது, திரும்ப வரவில்லை. வளர்த்தெடுத்த தோலைக் கொண்டுவந்து போர்த்தினார்கள், ஒட்டவில்லை. தாங்க முடியவில்லை, போதும் என்ற அர்த்தத்தில் அவர் பேசியதாகச் சொல்கிறார்கள். பிறகு வாயில் குழாய் வந்துவிட்டது, பேச்சு நின்றது. 59-வது நாள் இதயம் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் மீட்டார்கள். குடும்பம் வெளியே காகிதக் கொக்கு மடித்தபடி காத்திருந்தது. 83-வது நாள் போய்ச் சேர்ந்தார்.

டாக்டர்களைத் திட்டுவது சுலபம். ஆனால், முதல் நாள் பேசிக்கொண்டிருக்கும் மனிதரிடம் ‘உங்களுக்கு வைத்தியம் இல்லை’ என்று எந்த டாக்டர் சொல்வார்? சொன்னால் நாம்தான் விடுவோமா?

சிக்கல் முதல் நாளில் இல்லை. அறுபதாவது நாளில் இருக்கிறது. புது வைத்தியம் எப்போதும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. ‘இன்னும் ஒண்ணு பார்க்கலாம்’ என்றுதான் சொல்லும்.

‘அவர் பட்ட கஷ்டத்தால் அடுத்தவருக்கு வழி பிறக்குமே?’ என்று கேட்கலாம். நான் பி.காம். படித்தவன். ஒருவர் கணக்கில் பற்று எழுதி, இன்னொருவர் கணக்கில் வரவு வைக்க, முதலாமவர் கையெழுத்து வேண்டும். வேதனைக்கும் அதே விதிதான். பிறருக்குக் கிடைக்கும் பாடத்தை நன்றியோடு எடுத்துக்கொள்ளலாம். அதையே காரணமாகக் காட்டி ஒரு ஊசிகூடப் போடக் கூடாது.

ஆகவே, ஒவ்வொரு கட்டத்திலும் டாக்டர் தன்னைக் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி: இதிலிருந்து யாரும் எதையும் கற்கப்போவதில்லை என்றாலும் இதைச் செய்வேனா?

குடும்பத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. இதுதான் கடினம். ‘எப்படியாவது காப்பாத்துங்க’ என்று கெஞ்சுகிறோமே, அது அவருக்காகவா, அவரில்லாத வீட்டுக்குத் திரும்பப் பயப்படும் நமக்காகவா? பாசமும் சில சமயம் அடுத்தவர் உடம்பில் தனக்கு வைத்தியம் பார்த்துக்கொள்ளும். ஐ.சி.யு. வாசலில் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

மீள வழியே இல்லை என்ற நிலை வந்தால் எதுவரை போகலாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018-ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023-ல் அதன் நடைமுறையையும் எளிதாக்கியது. வீடு யாருக்கு, நகை யாருக்கு என்று எழுதிவைக்கிறோம். உடம்பைப் பற்றி ஒரு வரி எழுத மட்டும் அபசகுனம் பார்க்கிறோம்.

இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு டி.வி.யை அணைத்துவிட்டு வீட்டில் பேசிப் பாருங்கள். ‘எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எதுவரைக்கும்?’

திட்டு விழும். பரவாயில்லை. கேளுங்கள்.