முண்டந்துறைக் காடும் ஞானஸ்நானத் தொட்டியும்



பள்ளிக்கூட விடுமுறை நெருங்கிவிட்டது. பாபநாசம் போகலாமா, காரையாறு போகலாமா, முண்டந்துறைக் காட்டைப் பார்த்து வரலாமா என்று நம் பங்கில் பல வீடுகளில் பேச்சு நடப்பதாகக் கேள்விப்படுகிறேன். நல்லது, போய் வாருங்கள். வருஷம் முழுவதும் உழைக்கிற தகப்பனும், அடுப்படியை விட்டு நகராத தாயும், பாடப் புத்தகத்தில் குனிந்தே கிடந்த பிள்ளைகளும் ஒரு நாள் ஆற்றங்கரையில் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது பாவமல்ல. அது சர்வேசுரன் நமக்குத் தருகிற இளைப்பாற்றி. ஆனால் போகிறவர்களுக்கு முன்னதாகவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது என் கடமையாயிருக்கிறது. அந்த வார்த்தையை நானும் தாமதமாய்த்தான் கற்றுக்கொண்டேன்.

சுவிசேஷத்திலேயே ஒரு பெரிய வனபோஜனம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? அர்ச். அருளப்பர் எழுதின சுவிசேஷம் 6-ம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கடலோரத்து மலைப்பாங்கில், புல் நிறைந்த இடத்தில், ஆண்கள் மாத்திரம் ஐயாயிரம் பேர் உட்கார்ந்தார்கள். ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் அத்தனை பேருக்கும் போதுமானதாயிற்று. இந்தப் புதுமையை நாம் எல்லோரும் அறிவோம். அதற்குப் பின் நடந்ததையோ வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறோம். எல்லோரும் வயிறார உண்டு எழுந்தபின், மிஞ்சின துண்டுகளில் ஒன்றும் வீணாகாதபடி பொறுக்கிச் சேர்க்கச் சொல்லி ஆண்டவர் தம் சீஷர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் பன்னிரண்டு கூடை நிறையச் சேர்த்தார்கள். ஒன்றுமில்லாமையிலிருந்து உலகத்தை உண்டாக்கினவருக்கு மிஞ்சின துண்டு எதற்கு? மறுநாளைக்கும் அப்பம் பலுகச் செய்ய அவரால் முடியாதா? முடியும். என்றாலும் பொறுக்கச் சொன்னார். ஐயாயிரம் பேர் உண்டு எழுந்த அந்தப் புல்வெளியிலே, அவர்கள் போனபின் ஒரு துண்டு அப்பமும் மிதிபடக் கிடக்கவில்லை. சர்வேசுரன் கொடுத்த நன்மையை எப்படி அனுபவிக்க வேண்டும், அனுபவித்தபின் எப்படி எழுந்து போக வேண்டும் என்ற இரண்டையும் அவர் ஒரே நாளில் படிப்பித்தார். முதல் பாடத்தை நாம் நன்றாய்ப் படித்துக்கொண்டோம். இரண்டாவதை மறந்துபோனோம்.

இனி, நீங்கள் போகிற இடம் எத்தன்மையானது என்று சற்றுப் பார்ப்போம்.

பொதிகை மலையில் பிறக்கிற தாமிரபரணி, காட்டுக்குள்ளேயே காரையாற்றையும் சேர்வலாற்றையும் கூட்டிக்கொண்டு பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்குகிறது. முண்டந்துறை 1962-ம் ஆண்டிலே புலிகளுக்கான சரணாலயமாக ஒதுக்கப்பட்டது. 1988-ம் ஆண்டில் களக்காட்டுக் காட்டோடு சேர்த்து, நம் மாநிலத்தின் முதலாவது புலிகள் காப்பகமாயிற்று. அங்கே புலியும் சிறுத்தையும் யானையும் உண்டு. மிளாவும் காட்டுமாடும் உண்டு. உயர்ந்த மரக்கொம்புகளில் சிங்கவால் குரங்கும் கருமந்தியும் தாவும். இருவாச்சிப் பறவை பறந்தால் சிறகின் ஓசை தூரத்திலேயே கேட்கும். ஆற்றுப் பாறைகளில் நீர்நாய்கள் குடும்பத்தோடு விளையாடும். காணிக்காரர் என்னும் மலைஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் வாசம்பண்ணுகிறார்கள். ஆதலால் அது நமக்காக யாரோ அமைத்த பூங்கா அல்ல. அங்கே வீட்டுக்காரர் வேறே. நாம் ஒருநாள் விருந்தாளிகள். பிறர் வீட்டுக்குப் போனால் சத்தம் போடாமல், கண்டதைத் தொடாமல் இருக்கும்படி நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம் அல்லவா?

இதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. மழை வருஷத்தில் சில மாதங்கள்தான் பெய்கிறது. ஆறோ மழை நின்றபின்னும் ஓடுகிறது. எப்படி? மலையுச்சியிலுள்ள புல்வெளிகளும், அவற்றின் மடிப்புகளிலுள்ள சோலைகளும், மரத்தடியில் வருஷக்கணக்காய் மக்கிக் கிடக்கும் சருகும் மழைத்தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கின்றன. பின்பு அதைத் துளித்துளியாய்க் கசியவிட்டு ஓடைகளுக்குக் கொடுக்கின்றன. தென்மேற்குப் பருவத்து மழையையும் வடகிழக்குப் பருவத்து மழையையும் இப்படி வாங்கி வைத்துக் கொடுக்கிறபடியால்தான் தாமிரபரணியை வற்றாத நதி என்கிறோம். காடு மொட்டையானால் மழை பெய்த அன்றே வெள்ளம், மறுமாதமே வறட்சி. தன் பசியை அடக்கிப் பிள்ளைக்கென்று எடுத்து வைக்கிற தாயைப்போல அந்தக் காடு நமக்காகத் தண்ணீரைச் சேமித்து வைக்கிறது. அப்படி ஒழுங்குபண்ணினவர் சர்வேசுரன்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? எட்டு அணைக்கட்டுகள் வழியாய் வாய்க்கால்களில் பிரிந்து வயல்களுக்குப் போகிறது. வல்லநாட்டிலிருந்து இறைக்கப்பட்டுத் தூத்துக்குடிப் பட்டணத்துக்குக் குடிதண்ணீராய்ப் போகிறது. மிச்சம், ஏறக்குறைய 128 கிலோமீட்டர் நடந்து, புன்னைக்காயலில் கடலோடு சேருகிறது. அது எந்தக் கடற்கரை? 1542-ம் ஆண்டு அர்ச். சவேரியார் வந்து நம் முன்னோர்களுக்கு வேதம் போதித்த கடற்கரை. அந்தப் புன்னைக்காயலிலேதான் அண்டிரிக் சுவாமியார் தங்கித் தமிழ் படித்து உழைத்தார். 1578-ம் ஆண்டில் தமிழ் எழுத்தில் அச்சான “தம்பிரான் வணக்கம்” அவர் தந்த புத்தகம். காட்டிலே தொடங்குகிற ஆறு நம் விசுவாசத்தின் தொட்டில் வரைக்கும் வருகிறது.

இன்னும் ஒரு படி போவோம். நம் கோவிலில் ஞானஸ்நானத் தொட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கோவில்பிள்ளை குழாயில் பிடித்து வருகிறார். குழாய்க்கு அது தாமிரபரணியிலிருந்து வருகிறது. தாமிரபரணிக்கு முண்டந்துறைக் காட்டிலிருந்து வருகிறது. உங்கள் பிள்ளையின் சிரசில் நான் வார்த்த தண்ணீர், ஏதோ ஒரு நாள் அந்தச் சோலையில் சருகுக்கடியில் ஒளிந்திருந்த தண்ணீரே. பூசையில் இரசத்தோடு குருவானவர் ஒரு துளித் தண்ணீர் கலக்கிறாரே, அதுவும் அப்படியே. சர்வேசுரன் இந்தத் தண்ணீரைத் தம் தேவதிரவிய அனுமானத்துக்கும் தம் பலிபீடத்துக்கும் உகந்ததென்று தெரிந்துகொண்டிருக்க, அது பிறக்கிற இடத்திலே போய் நாம் குப்பையைக் கொட்டினால், அந்தச் செய்கைக்கு என்ன பெயர் சொல்லுவோம்?

இங்கே என் சொந்தக் குற்றத்தைச் சொல்லுகிறேன். சில வருஷங்களுக்கு முன், வேறொரு பங்கில் இருக்கையில், பூசைக்கு உதவிசெய்யும் பையன்களையும் அவர்கள் பெற்றோரில் சிலரையும் ஒரு வேனில் கூட்டிக்கொண்டு காரையாற்றுப் பக்கம் போனேன். பாபநாசத்துச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். பிளாஸ்டிக் தம்ளர்களும் பைகளும் இருக்கைக்கு அடியில் இருந்தன. எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தேன். என் அங்கியைப் பார்த்தவர்கள், சாமியார் வந்த வண்டி என்று மேலே ஒன்றும் கேளாமல் விட்டுவிட்டார்கள். ஆற்றங்கரையில் எலுமிச்சம்பழச் சாதமும் முட்டையும் சாப்பிட்டோம். செபமாலை சொன்னோம். பிள்ளைகள் பாடினார்கள். தம்ளர்களைப் பாறைமேல் வைத்தபடியே விட்டிருந்தோம். காற்று அவற்றை ஆற்றிலே தள்ளிற்று. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

நாங்கள் புறப்படுகிற வேளையில், ஆற்றின் கீழ்ப்பக்கத்திலிருந்து காணிக்காரப் பெரியவர் ஒருவர் ஏறி வந்தார். ஒரு கையில் தண்ணீர்க் குடம். மறு கையில் ஈரம் சொட்டச் சொட்ட எங்கள் தம்ளர்கள், ஒன்றுக்குள் ஒன்றாய் அடுக்கி. என் அங்கியைக் கண்டு தலை வணங்கினார். தம்ளர்களை என் கையில் கொடுத்து, “உங்களுதுதானே சாமி?” என்றார். கோபமில்லை, பரிகாசமுமில்லை. தவறிப்போன பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர் போலக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் குடிக்கத் தண்ணீர் எடுக்கிற இடத்துக்கு எங்கள் எச்சில் போயிருந்தது. பையன்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வருகிற வழியெல்லாம் வண்டியில் ஒரு பாட்டும் எழும்பவில்லை.

அந்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொன்னேன். அற்பக் காரியம் என்று என் ஆத்தும குரு தள்ளிவிடுவார் என்றும் நினைத்தேன். அவர் தள்ளவில்லை. “நீர் சாவடியில் மௌனமாயிருந்தது பொய். ஆற்றிலே விட்டது பிறருடைய தண்ணீரைக் கெடுத்தது. இரண்டையும் சின்னப் பிள்ளைகளுக்கு முன்பாகச் செய்தீர், அது துர்மாதிரிகை. திரும்பப் போய்ப் பொறுக்கிவிட்டு வாரும்” என்று அபராதம் விதித்தார். அடுத்த மாதம் அனுமதி கேட்டு, அதே பையன்களோடு போனேன். மத்தியானத்துக்குள் எட்டுச் சாக்கு நிறைந்தது. எல்லாம் ஒரே படித்துறைக்கு அக்கம்பக்கத்தில் கிடந்தவை. ஷாம்பு உறைகள், பழந்துணிகள், சாராயப் புட்டிகள், உடைந்த கண்ணாடி. பிறர் போட்டது எது, நம்மவர் போட்டது எது என்று அவற்றில் எழுதியிருக்கவில்லை. பிறர் வழக்கங்களை நியாயந்தீர்ப்பதும் நம் வேலையல்ல. நம் பங்கைப் பொறுக்கினாலே நமக்கு வேலை போதுமானது.

“நான் ஒருவன் போடுகிற பையினால் ஆறு கெட்டுவிடுமா, சுவாமி?” என்று கேட்பவர்கள் உண்டு. பன்னிரண்டு கூடையை நிரப்பினதும் சிறுசிறு துண்டுகளே என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். “காடு சர்க்காருடையது, சுத்தம் பண்ணுகிறது அவர்கள் பொறுப்பு” என்பவர்களும் உண்டு. சர்க்கார் காவல் வைக்கும். மனச்சாட்சியைக் காவல் வைக்கிறவன் நீதான். பிறனுக்குரியதைக் கெடுத்தால் ஈடுசெய்ய வேண்டும் என்று ஏழாம் கற்பனை விளக்கத்தில் படித்திருக்கிறோம். கீழே தண்ணீர் குடிக்கிற ஏழை நம் பிறன் அல்லவா? நமக்குப்பின் பிறக்கப்போகிற பிள்ளையும் நம் பிறன் அல்லவா? பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ம் ஆண்டில் எழுதின நிருபத்தில், பூமிக்குச் செய்யும் தீங்கும் ஏழைகளுக்குச் செய்யும் தீங்கும் பிரிக்கக்கூடாதபடி பிணைந்திருப்பதை விரிவாய்ப் போதித்தார். சிருஷ்டிகளைச் சகோதரமாய் நேசித்த அர்ச். பிராஞ்சீஸ்கு அசீசியாரை, சுற்றுச்சூழலைப் பேணுகிறவர்களுக்குப் பாதுகாவலராக 1979-ம் ஆண்டிலேயே பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் நியமித்திருந்தார். ஆகையால் இது புது நாகரிகமல்ல. மனிதனைத் தோட்டத்தில் வைத்து, அதைப் பண்படுத்தவும் காக்கவும் சர்வேசுரன் ஒப்புவித்ததாக ஆதியாகமம் 2-ம் அதிகாரம் சொல்லுகிறது. அந்தத் தோட்டத்திலும் ஒரு ஆறு ஓடிற்று.

ஐந்தாம் கற்பனையையும் இங்கே மறக்கலாகாது. வாலிபர்களே, ஆற்றங்கரைக்குப் புட்டியோடு போகிறவனுக்காக வீட்டில் ஒரு தாய் காத்திருக்கிறாள். மேலே தெளிந்து ஓடுகிற தண்ணீருக்கு அடியில் கசம் இருப்பது கரையிலிருந்து தெரியாது. பாசி படிந்த பாறை யாருக்கும் தயவு காட்டாது. சந்தோஷமாய்ப் போன வண்டி ஒரு பிள்ளை குறைந்து திரும்புவதைப்போல் ஒரு வீட்டுக்கு வேறு துக்கமில்லை.

ஆகவே, இந்த விடுமுறையில் போகிற ஒவ்வொரு குடும்பமும் கீழ்க்கண்ட தீர்மானங்களைச் செய்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது: ஞாயிறு பூசையை விட்டுவிட்டுப் புறப்படாதிருங்கள். சிருஷ்டியைப் பார்க்கப்போகிறவன் முதலில் சிருஷ்டிகரைக் கண்டு வணங்கக்கடவான்.

இரண்டாவது: சாப்பாட்டை வாழையிலையிலும் எவர்சில்வர் தூக்கிலும் கொண்டு போங்கள். கொண்டுபோனதில் மிஞ்சினதைத் திரும்பக் கொண்டு வாருங்கள். சாவடியில் கேட்டால் உண்மை சொல்லுங்கள்.

மூன்றாவது: ஆற்றில் சோப்பும் ஷாம்பும் வேண்டாம். உடுத்தின துணியை ஆற்றில் விடவேண்டாம். குரங்குகளுக்குத் தின்பண்டம் கொடாதிருங்கள். அது தர்மமல்ல, தேடித் தின்னத் தெரிந்த ஜீவனைப் பிடுங்கித் தின்னப் பழக்குவது.

நான்காவது: அனுமதித்த இடத்தில், அனுமதித்த நேரத்தில் மாத்திரம் நில்லுங்கள். கால் மணி நேரமாவது பாட்டுப் பெட்டியையும் கைப்பேசியையும் நிறுத்தி, பிள்ளைகளோடு மௌனமாய் உட்கார்ந்து ஆற்றின் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு “இந்தத் தண்ணீரிலேதான் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்” என்று உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். நூறு பிரசங்கத்தைவிட அது அவன் மனதில் நிற்கும்.

ஐந்தாவது: எழுந்திருக்கும்போது, உங்களுடையது அல்லாத ஒரு குப்பையையாவது சேர்த்துப் பொறுக்கி வாருங்கள். அதை உங்கள் பாவங்களுக்குப் பரிகாரமாக ஒப்புக்கொடுங்கள்.

காட்சியாகமத்தின் கடைசி அதிகாரத்தில், சர்வேசுரனுடைய சிம்மாசனத்திலிருந்து புறப்படுகிற ஜீவநதியையும், அதன் இரு கரையிலும் கனிதருகிற ஜீவவிருட்சத்தையும் அர்ச். அருளப்பர் கண்டார். மோட்சத்திலும் நமக்கு ஒரு ஆற்றங்கரை காத்திருக்கிறது. இங்கே நம்மிடம் ஒப்புவிக்கப்பட்ட ஆற்றைக் கெடுத்தவர்கள் என்ற பெயரோடு அங்கே போய் நில்லாதிருப்போமாக.

செபம்: தண்ணீரையும் காட்டையும் சகல ஜீவன்களையும் உண்டாக்கின ஆண்டவரே, உமது நன்மைகளை அனுபவித்துவிட்டு நன்றியில்லாமல் எழுந்துபோன எங்களை மன்னித்தருளும். எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சுத்தமான ஆற்றையும் சுத்தமான மனச்சாட்சியையும் விட்டுச் செல்ல எங்களுக்கு வரப்பிரசாதம் தந்தருளும். பனிமய மாதாவே, எங்கள் பிரயாணங்களில் துணையாயிரும். ஆமென்.